போஸ்கு: சிரிப்பு கைமாறிய கதை

மாமாக் கடையில் உட்கார்ந்ததும் "பாஸ், தே தாரிக் ஒண்ணு" என்கிறோம். அந்தச் சாதாரண 'பாஸ்' ஜொகூரில் தேர்தல் கோஷமான கதை இது.

2015 ஜூலையில், அன்றைய பிரதமர் நஜிப் ரசாக்கின் சொந்தக் கணக்குக்கு 2.6 பில்லியன் ரிங்கிட் வந்த செய்தி வெடித்தது. நன்கொடை என்றார்கள். 2016 தொடக்கத்தில் ஃபாமி ரேசா என்ற ஓவியர் நஜிப்பைக் கோமாளியாக வரைந்து இணையத்தில் போட்டார். போலீஸ் எச்சரித்தது. உடனே மற்ற ஓவியர்களும் ஆளுக்கொரு கோமாளி வரைந்தார்கள். ஒருத்தரைப் பிடிக்கலாம், எல்லாரையும் பிடிக்க முடியுமா?

2018 பிப்ரவரியில் ஃபாமிக்கு ஈப்போ நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. மே மாதம் ஆட்சியே கவிழ்ந்தது. 1946-இல் அம்னோ பிறந்த ஜொகூர் மாநிலமும் முதன்முறையாகக் கைநழுவியது.

கதை இதோடு முடியவில்லை. 2019-இல் நஜிப் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, 'மலு அபா போஸ்கு' என்றார். வெட்கம் எதுக்கு பாஸ்! கேலி இப்போது அவர் கையில். 2022 மார்ச்சில் ஜொகூர் சட்டமன்றத் தேர்தல். ஊழல் வழக்கில் 12 ஆண்டு தண்டனை பெற்று மேல்முறையீட்டில் இருந்தவரோடு செல்ஃபி எடுக்கக் கூட்டம் முண்டியடித்தது. தேசிய முன்னணிக்கு 56-இல் 40 இடங்கள். எதிரணி சிதறிக் கிடந்ததும், வாக்களித்தோர் சுமார் 55 விழுக்காடே என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்தச் செல்ஃபிகளை மறக்க முடியவில்லை.

ஆகஸ்டில் அவரைக் காஜாங் சிறைக்கு அனுப்பியது நீதிமன்றம்தான், மீம்கள் இல்லை. கோமாளிப் படம் நம் பயத்தைப் போக்கியது. 'போஸ்கு' வெட்கத்தைப் போக்கியது. இரண்டுக்கும் நாம்தானே சிரித்தோம்?