பசியும் நித்திரையும்: ஒரு மூளை ஆய்வின் வரலாறு

உண்ட களைப்புத் தொண்டருக்கும் உண்டு என்பது பழமொழி. கந்தளாய்க் குளத்தின் கீழ் வேளாண்மை செய்வோர், கதிர் முற்றுங் காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி இரவு முழுதும் வயலிற் காவல் இருப்பவர். வயிறு நிறைந்தவனைக் கண்ணயரச் செய்வது எது, பசித்தவனை விழித்திருக்கச் செய்வது எது என்ற வினா அவர்களுக்கு ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. எனினும் உடற்றொழிலியலார் இவ்வினாவை மூளையுள் வைத்து ஆராயத் தலைப்பட்டது இருபதாம் நூற்றாண்டிலேயே ஆகும். அவ்வாராய்ச்சியின் திருப்புமுனையொன்றில் நின்றவர் பால் கிருஷ்ண ஆனந்த் என்னும் இந்தியர். யோகிகளை ஆராய்ந்தவர் என்றே பலர் அவரை அறிவர். அவரது முதன்மையான பணி வேறு.

நித்திரை பற்றிய ஆய்வே முதலில் தோன்றியது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் விசித்திரமான மூளை அழற்சி நோயொன்று பரவிற்று. நோயுற்றோருட் பலர் வாரக்கணக்கில் உறங்கினர். வேறு சிலர் உறக்கமே அற்றுத் துன்புற்றனர். வியன்னா நகர மருத்துவர் கொன்ஸ்டன்டின் வொன் எக்கொனொமோ 1917 இல் இந்நோயை விவரித்தார். இறந்தோரின் மூளைகளைச் சோதித்த அவர், பரிவகக்கீழ் எனப்படும் பகுதியின் முன்புறம் சிதைந்தவர்கள் உறக்கமின்றியும், அதன் பின்புறமும் அதனை அடுத்த நடுமூளையும் சிதைந்தவர்கள் ஓயாது உறங்கியும் இருந்தமையைக் கண்டார். பரிவகக்கீழ் மூளையின் அடித்தளத்தில், கபச்சுரப்பிக்கு மேலே அமைந்த சிறு பகுதி. மனித மூளையில் அதன் நிறை ஏறக்குறைய நான்கு கிராம் மட்டுமே.

பசி பற்றிய ஆய்வு இதனோடு தொடர்பின்றித் தனியே வளர்ந்தது. 1908 இல் இலண்டனில் ஹோர்ஸ்லியும் கிளாக்கும் ஒரு கருவியை விவரித்தனர். விலங்கின் தலையை அசையாது பிணித்து, மூளையின் ஆழத்தில் வேண்டிய புள்ளிக்கு மின்வாயைச் செலுத்த உதவும் கருவி அது. நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த இதனைச் சிக்காகோவில் றான்சன் என்பார் மீண்டும் பயன்படுத்தலானார். அவரும் ஹெதறிங்டனும் 1940 இல், பரிவகக்கீழின் நடுப்பக்கத்திலுள்ள கருவை இருபுறமும் அழித்தால் எலிகள் அளவிறந்து பருக்கின்றன எனக் காட்டினர். அங்கே “போதும்” என்று சொல்லும் அமைப்பு ஒன்று உண்டெனின், “வேண்டும்” என்று சொல்வது எங்கே என்ற கேள்வி எழுவது இயல்பே.

1917 இல் இலாகூரிற் பிறந்து அங்கேயே மருத்துவம் பயின்ற ஆனந்த், தில்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் உடற்றொழிலியல் கற்பித்துவந்தார். 1950 ஆம் ஆண்டளவில் புலமைப்பரிசில் பெற்று யேல் பல்கலைக்கழகம் சென்று, ஜோன் புறொபெக் என்பாருடன் ஆய்வில் இறங்கினார். நடுப்பக்கக் கருவிலிருந்து பக்கவாட்டில் விலகி, பரிவகக்கீழின் புறவோரத்தில் மிகச் சிறிய இடமொன்றை அவர்கள் மின்னோட்டத்தால் அழித்தனர். இருபுறமும் அழிக்கப்பட்ட எலிகள் உண்பதை முற்றாக நிறுத்தின. உணவு கண்முன்னே கிடந்தது. விழுங்குந் தசைகளிற் பழுதில்லை. ஆயினும் அவை உணவை நாடாது பட்டினி கிடந்து மடிந்தன. முன்னர் நடுப்பக்கக் கரு அழிக்கப்பட்டு அடங்காப் பசி கொண்டிருந்த எலிகளும், புறவோரமும் அழிந்ததும் உணவை வெறுத்தன. பூனைகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1951 இல் வெளியான கட்டுரைகளில் இவ்விடத்துக்கு “உண்ணல் மையம்” என்று பெயர் சூட்டப்பட்டது. இரண்டாண்டுகளின் பின், டெல்காடோவும் ஆனந்தும் அதே இடத்தை மின்னால் தூண்டியபோது பூனைகள் மிகுதியாக உண்டன.

ஆனந்த் அமெரிக்காவில் தங்கிவிடவில்லை. தில்லிக்கு மீண்டு, 1956 இல் நிறுவப்பெற்ற அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தின் உடற்றொழிலியற் பகுதியை உருவாக்கினார். அங்கு சீனா, பல்தேவ் சிங் ஆகியோருடன் அவர் செய்து 1962 இல் வெளியிட்ட பரிசோதனை தனிக் கவனத்துக்குரியது. குருதியிற் குளுக்கோசைச் செலுத்தி, மூளையின் இரு பகுதிகளிலும் எழும் மின்னசைவுகளைப் பதிந்தனர். குளுக்கோசு ஏறியபோது நடுப்பக்கத்தின் செயற்பாடு கூடிற்று. புறவோரத்தின் செயற்பாடு குறைந்தது. வயிற்றின் சுருக்கமே பசி என்றிருந்த எண்ணத்துக்கு அப்பால், குருதியின் இரசாயன நிலையை மூளையே உணர்கின்றது என்பதற்கு இது நேர்ச் சான்றாயிற்று. (யோகிகளின் மூளை மின்னலைகளை அவர் பதிந்ததும் இக்காலத்திலேதான். செய்தித்தாள்கள் இதனையே பெரிதாக்கின.) 1963 இல் அவருக்குப் பட்னாகர் பரிசு கிடைத்தது.

எனினும் “மையம்” என்ற சொல் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1954 இலேயே ரைற்றல்பாமும் ஸ்ரெலரும், உணவை வெறுத்த எலிகளைக் குழாய்வழி ஊட்டி உயிரோடு வைத்திருந்தால் அவை படிப்படியாக மீண்டும் தாமே உண்ணத் தொடங்குகின்றன எனக் கண்டனர். இதனினும் பலத்த அடி 1971 இல் ஸ்ரொக்ஹோமிலிருந்து வந்தது. நடுமூளையிலிருந்து மேலேறும் டோபமின் நரம்பிழைகள் புறவோரத்தை ஒட்டியே செல்கின்றன. அவ்விழைகளை மட்டும் நச்சுப்பொருளால் அழித்த உங்கர்ஸ்ரெட், அப்போதும் எலிகள் உணவையும் நீரையும் நாடாமற் போவதைக் காட்டினார். கந்தளாய்க் குளத்து வாய்க்காலை நடுவழியில் ஒருவன் வெட்டிவிட்டால் அதற்கப்பாலுள்ள வயல்கள் காயும். அதுகொண்டு அவ்வயல்களுக்குரிய நீர் வெட்டிய இடத்திலேயே ஊறிற்று என முடிவுசெய்தல் ஆகாது. ஆனந்தின் அவதானிப்பிற் பிழையில்லை. அதற்குக் கூறிய விளக்கமே ஐயத்துக்குள்ளாயிற்று. அடுத்த கால் நூற்றாண்டில் ஆய்வாளரின் நாட்டம் இடத்தை விட்டு இரசாயனப் பொருள்களின்பாற் சென்றமைக்கு இது முக்கிய காரணம். அந்நாட்டம் நன்மையே பயந்தது. ஆயினும் பழைய “மையத்தை” முற்றாகக் கைகழுவியவர்கள் அவசரப்பட்டனர் என்றே கூறவேண்டும்.

ஏனெனில் 1998 இல் இரு ஆய்வுக் குழுக்கள், ஒன்றையொன்று அறியாமல், அதே புறவோரத்தில் புதிய பொருளொன்றைக் கண்டன. கலிபோர்னியாவில் டி லெசேயா, சட்கிளிவ் முதலியோர் அதற்கு ஐப்போகிரெட்டின் எனப் பெயரிட்டனர். தெக்சாசில் சக்குராயும் யனகிசாவாவும், எலியின் மூளையுட் செலுத்தியபோது அது உண்ணலைத் தூண்டியமை கண்டு, பசிவேட்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரெட்சின் என்றனர். இரு பெயர்களும் இன்றும் வழங்குகின்றன. இதனை உண்டாக்கும் நரம்புக்கலங்கள் மனித மூளையில் ஏறக்குறைய 70,000 மட்டுமே. அனைத்தும் பரிவகக்கீழிலேயே உள்ளன. ஆயினும் அவற்றின் இழைகள் மூளையின் பெரும்பகுதிக்கும் பரந்து செல்கின்றன.

பசிக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று எண்ணியிருந்த வேளையில் எதிர்பாராத முடிவு வந்தது. ஒரெட்சின் இன்றிப் பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகளை யனகிசாவா குழுவினர் இருளில் அகச்சிவப்புக் கமராவாற் படம்பிடித்தனர். ஓடித்திரிந்த சுண்டெலிகள் திடீரென விழுந்து அசைவற்றுக் கிடந்தன. 1999 இல் இது வெளியானது. அவ்வாண்டிலேயே ஸ்ரான்போர்ட்டில் மின்யோ குழுவினர், பரம்பரையாக இவ்வாறு விழும் நாய்களில் ஒரெட்சின் ஏற்பியின் பரம்பரையலகு பழுதுற்றிருப்பதைக் கண்டனர். அடுத்த ஆண்டு மனிதரிலும் உண்மை வெளிப்பட்டது: நாக்கொலெப்சி நோயாளரின் மூளையில் அந்நரம்புக்கலங்களில் நூற்றுக்கு 85 முதல் 95 வரை மறைந்துபோயிருந்தன.

1880 இல் பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ பெயரிட்ட இந்நோயில், பேசிக்கொண்டிருக்கும்போதே நித்திரை வந்து ஆட்கொள்ளும். சிரித்தாற் கால்கள் தளர்ந்து விழ நேரும். நூற்றாண்டுக்கு மேலாக இந்நோயாளர் வகுப்பறையில் உறங்கும் மந்தர் என்றும், வேலைக்கு உதவாச் சோம்பேறிகள் என்றும் ஏசப்பட்டனர். சிலருக்கு உளநோய் எனத் தவறாக மருந்தூட்டப்பட்டது. குணக்கேடு எனக் கருதப்பட்டது சில பல்லாயிரம் கலங்களின் இழப்பென நிறுவப்பட்டமை, இவ்வாய்வின் பயன்களுள் மிகப் பெரியது. ஒழுக்கத்தின் பெயரால் உடலைத் தண்டிக்கும் வழக்கம் வேறெத்தனை நோய்களில் நடைபெறுகின்றதோ!

பசியும் விழிப்பும் ஓரிடத்தே கூடுவதன் காரணம் 2003 இல் தெளிவாயிற்று. யமனக்கா முதலியோர் செய்த பரிசோதனையில், குளுக்கோசும் கொழுப்பிழையம் சுரக்கும் இலெப்டினும் ஒரெட்சின் கலங்களை அடக்கின. வெறுவயிறு சுரக்கும் கிரெலின் அவற்றைத் தூண்டிற்று. பட்டினியிடப்பட்ட சாதாரணச் சுண்டெலிகள் உறக்கம் குறைந்து உணவு தேடி அலைந்தன. அக்கலங்களற்ற சுண்டெலிகள் பட்டினியிலும் அவ்வாறு விழித்தெழவில்லை. குளுக்கோசு ஏறப் புறவோரம் அடங்கும் என 1962 இல் தில்லியிற் பதியப்பட்ட மின்னசைவு, நாற்பதாண்டுகளின் பின் இவ்வாறு கல அளவில் பொருள்பெற்றது.

ஒரெட்சினைத் தடுத்து நித்திரையை வருவிக்கும் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் 2014 இல் அனுமதி கிடைத்தது. குறைந்த ஒரெட்சினை ஈடுசெய்யும் மருந்துகள் பின்னர் நாக்கொலெப்சி நோயாளரிற் பரிசோதிக்கப்பட்டன. மின்யோவுக்கும் யனகிசாவாவுக்கும் 2023 ஆம் ஆண்டின் பிறேக்துறூ பரிசு வழங்கப்பட்டது. ஆனந்த் அதற்கு முன்னரே, 2007 இல், காலமாகிவிட்டார்.