ஹாமில்டன் எப்படி அம்பட்டன் ஆனார்?

ஆங்கிலத்தில் எல், இ, ஏ, டி என்று எழுதி 'லீட்' என்று படித்தால் முன்னின்று நடத்துவது. 'லெட்' என்று படித்தால் ஈயம். எழுத்து ஒன்று, உச்சரிப்பு இரண்டு, பொருளும் இரண்டு. சென்னை மயிலாப்பூரில் ஒரு பாலத்தின் பெயருக்கும் ஏறக்குறைய இதுதான் நடந்தது.

பக்கிங்ஹாம் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தக் கால்வாயின் மேல் இருந்தது ஹாமில்டன் பாலம். தமிழ்ச் சொற்கள் 'ஹ'வில் தொடங்குவதில்லை. ஆகவே மக்கள் வாயில் அது 'அம்பட்டன் வாராவதி' ஆகிவிட்டதாம். அதைக் கேட்ட ஆங்கிலேயர்கள், நாவிதர் பாலம் போலும் என்று எண்ணி 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என மொழிபெயர்த்துக் கொண்டார்கள். பாவம் ஹாமில்டன்!

இதை எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். ஆனால் அம்பட்டன் என்பது ஒரு சாதியின் பெயர், இழிவாகவும் சொல்லப்பட்டது. முடி திருத்தியதோடு வைத்தியமும் பார்த்தவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். பாலத்துக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பிற்காலத்தில் பாலத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்கப்பட்டது. அதுவும் 'அம்' என்றே தொடங்குவது தற்செயலோ என்னவோ!