சைக்கிள் டைனமோவில் பாடிய ரேடியோ

1990இல் இலங்கை உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. அரசின் பொருளாதாரத் தடையில் பற்றரியும் சிக்கியது. செய்தி கேட்க வழி தேடியவர்களின் கண்ணில் பட்டது வீட்டுச் சைக்கிள்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றுவார்கள். டயரில் உரசும் டைனமோ 6 வோல்ட் தரும். நான்கு பற்றரி ரேடியோவுக்குப் போதுமான அளவு. ஆனால் அது மாறுதிசை மின்னோட்டம், ரேடியோவுக்கு வேண்டியதோ நேர்திசை மின்னோட்டம். டயோட்டுகள் அதைத் திருத்தும், கொள்ளளவி இரைச்சலைத் தணிக்கும். இத்தனையும் பழைய ரேடியோப் பெட்டிகளிலிருந்து பிரித்தெடுத்த பாகங்களால் நடந்தது.

எதை இயக்குவது என்பதிலும் கணக்கு இருந்தது. ரேப் ரெக்கோடரின் மோட்டாருக்குக் கூடுதல் சக்தி தேவை. சுற்றும் வேகம் தளர்ந்தால் பாட்டும் இழுபடும். ரேடியோ அவ்வளவு கேட்பதில்லை.

ஆகவே பி.பி.சி. தமிழோசை ஒலிபரப்பாகும் நேரத்தில் ஒருவர் சுற்ற, மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்டார்கள். வெளியுலகம் தங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை அறிய அந்த உழைப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது.