தமிழ்த் திரையில் ஜப்பானியச் சாமானியர்: ‘அந்த நாள்’ முதல் ‘நந்தலாலா’ வரை

ஜப்பானியத் திரைப்படத்துக்கும் தமிழ்த் திரைப்படத்துக்கும் உள்ள உறவைப் பேசுவோர் பெரும்பாலும் 1954 இல் வெளிவந்த ‘அந்த நாள்’ படத்திலிருந்தே தொடங்குகின்றனர். அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) படத்தைத் திரைப்பட விழாவில் கண்ட வீணை எஸ். பாலசந்தர், அதன் வழியிலேயே ஏவி.எம். நிறுவனத்துக்காக இப்படத்தை இயக்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1952 இல் பம்பாயில் தொடங்கிய இந்தியாவின் முதல் உலகத் திரைப்பட விழா சென்னைக்கும் வந்ததால், இச்செய்தியை ஐயுறக் காரணமில்லை. ஆயினும் அவர் அதைப் பார்த்ததாலேயே ‘அந்த நாள்’ ராஷோமோனின் வழித்தோன்றல் என முடிவுகட்டும் வாசிப்பு ஏற்கத்தக்கதன்று.

ராஷோமோனில் ஒரே நிகழ்வை, அதாவது ஒரு சாமுராயின் சாவை, கொள்ளைக்காரனும் மனைவியும் இறந்தவனின் ஆவியும் விறகுவெட்டியும் நான்கு விதமாகச் சொல்கின்றனர். எது உண்மை என்பதைப் படம் ஐயமறத் தீர்த்துவைப்பதில்லை. ‘அந்த நாள்’ படத்திலோ, 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசியதை ஒட்டி வானொலிப் பொறியாளர் ராஜன் (சிவாஜி கணேசன்) சுட்டுக் கொல்லப்பட, சந்தேகத்துக்கு ஆளானோர் கொலை நடந்த விதத்தைச் சொல்லாமல், அவன்மேல் பிறருக்கு இருந்த பகையையே அடுத்தடுத்துச் சொல்கின்றனர். இறுதியில் துப்பறியும் அதிகாரி உண்மையைக் கண்டுபிடிக்கிறார். ராஜன் ஜப்பானுக்கு உளவு சொன்னவன் என்பதும் வெளிப்படுகிறது. இறந்தவரைப் பற்றிய மாறுபட்ட சித்திரங்களை அடுக்கி, கொலையாளியை இறுதியில் காட்டும் இவ்வமைப்பு, அந்தோணி அஸ்க்வித் இயக்கிய ‘தி வுமன் இன் கொஸ்டின்’ (1950) என்னும் பிரிட்டிஷ் படத்துக்கே நெருக்கமானது. பாடலே இல்லாத தமிழ்ப் படம் என்ற அதன் பெருமை இதனால் குறையாது. ஆனால் ஜப்பானியத் தாக்கத்தைக் கதை சொல்லும் உத்தியாக மட்டும் சுருக்கியதில், தமிழர் மனத்தை உண்மையில் தொட்ட மற்றொரு மரபு கவனம் பெறாமலே போயிற்று.

அம்மரபை ஜப்பானியர் ‘ஷோமின் கெகி’ என்பர். சாதாரணக் குடும்பங்களின் அன்றாட வாழ்வைச் சொல்லும் நாடகம் என்பது இதன் கருத்து. யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) இதன் சிகரம்: மக்களைக் காண ஒனோமிச்சியிலிருந்து நகரத்துக்கு வரும் முதிய பெற்றோர், அம்மக்களின் வேலை நெருக்கடிக்கு இடையே சுமையாகிப் போகின்றனர். மனைவியை இழந்த முதியவர் சென்னையில் உறவினர் வீட்டுக்கு வந்து சேரும் பாலு மகேந்திராவின் ‘சந்தியா ராகம்’ (1989) இதற்கு உறவுடையதாகத் தோன்றுகிறது. நேரடித் தழுவல் எனச் சொல்லச் சான்றில்லை. எனினும் யாரையும் கொடியவராக்காமல் வாழ்க்கை நெருக்கடியையே காரணமாகக் காட்டும் பார்வை இரண்டிலும் ஒன்றே என்பதை வலியுறுத்தியாக வேண்டும்.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று மிஷ்கினின் ‘நந்தலாலா’. இப்படம் 2010 நவம்பரில் வெளிவந்தது. தாக்கேஷி கிட்டானோவின் ‘கிகுஜிரோ’ (1999) படத்தைப் போலவே, தாயைத் தேடும் சிறுவனும் அவனுக்குத் துணையாகும் ஒருவனும் வழிநடையாகச் செல்லும் கதை இது. இரண்டிலும் சிறுவனின் தாய் வேறொரு குடும்பத்தோடு வாழ்கிறாள். மாறுபாடு உடன்செல்பவனின் தாயிடத்தில்தான் உள்ளது. முதியோர் இல்லத்தில் இருக்கும் தாயைக் கிகுஜிரோ தொலைவிலிருந்து பார்த்துவிட்டு, பேசாமலே திரும்பிவிடுகிறான். மிஷ்கினின் பாஸ்கர் மணியோ, தன்னை மனநலக் காப்பகத்தில் விட்டுச் சென்ற தாயின்மேல் கொண்ட சினத்தோடு புறப்பட்டவன். அவளும் மனநலம் குன்றி, கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் கண்டதும் சினம் கரைந்து அவளருகே செல்கிறான். அங்கே பேச வேண்டியதை இளையராஜாவின் இசை ஏற்றுக்கொள்கிறது.

இம்மாற்றத்தை மிகையுணர்ச்சி என ஒதுக்குவது எளிது. ஆனால் தொலைவில் நின்று அடக்கிக்கொண்ட துயரத்தைத் தீண்டிப் பகிரும் துயரமாக மாற்றியபோதுதான் அப்படம் தழுவல் என்ற நிலையைக் கடந்தது. ஜப்பானியத் திரைப்படம் தமிழில் வேர்பிடித்த இடமாக ‘அந்த நாள்’ படத்தைக் காட்டிலும் ‘நந்தலாலா’வின் இந்தக் காட்சியையே குறிப்பிட வேண்டும்.