மலர்ப் பாத்தியும் கிழங்குப் பாத்தியும்

கிழங்கு என்பது ஒரு செடி தனக்கெனச் சேர்த்து வைக்கும் களஞ்சியம். தண்டும் இலையும் மடிந்த பின்னரும் மண்ணுக்குள் உயிரைக் காத்து நிற்பது அதுவே. அக்களஞ்சியத்தைக் கண்ட மனிதன் சிலவற்றைத் தின்றான். சிலவற்றை நட்டு மலர் கண்டான். எதைத் தின்பது, எதை நட்டு மகிழ்வது என்பதை எக்காலத்தும் அவன் விருப்பமே முடிவு செய்ததில்லை. டேலியாவின் கதையையும் சிங்கை வீட்டுத் தோட்டங்களின் கதையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

டேலியாவின் தாயகம் மெக்சிகோ நாட்டு மலைப்பகுதி. 1789ஆம் ஆண்டில் மெக்சிகோ நகரத் தாவரவியல் பூங்காவினின்று விசென்டே செர்வாண்டஸ் என்பார் அதனை ஸ்பெயின் நாட்டு மட்ரிட் நகருக்கு அனுப்பினார். அங்கு அதனை வளர்த்த கவனில்லஸ் என்னும் அறிஞர், சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஆந்தர்ஸ் டால் நினைவாக 1791இல் அதற்குப் பெயர் சூட்டினார். உருளைக்கிழங்கைப் போல் இதுவும் உணவாகுமோ என்று ஐரோப்பியர் சமைத்துப் பார்த்ததுண்டு. நாவுக்கு அது பிடிக்கவில்லை. அடுக்களையில் தோற்ற செடி பூந்தோட்டத்தில் வென்றது. மெக்சிகோ 1963இல் அதனைத் தன் தேசிய மலராக ஏற்றது.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் வாழும் தமிழர்க்கு டேலியா புதியதன்று. கிழங்கைத் தண்டின் அடிப்பகுதியோடு சேர்த்துப் பிரித்தெடுக்க வேண்டும். முளைக்கண் இருப்பது அவ்விடத்தில்தான். அஃதில்லாத கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் முளைக்காது. முளை வெளிவரும்வரை நீரை அளந்தே விடவேண்டும். பூத்து ஓய்ந்தபின் தோண்டியெடுத்து, நிழலில் உலர்த்தி, மணலில் புதைத்து வைத்தால் அடுத்த பருவத்துக்கு அதுவே வித்து.

இவ்வோய்வுதான் சிங்கையில் அதற்குக் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மிகுதியான மழை, குளிராத இரவு, ஆண்டு முழுதும் பத்து நிமிட வேறுபாடும் காணாத பகற்பொழுது. உறங்க வேண்டிய கிழங்கு ஈரமண்ணில் அழுகிப்போகிறது. கிழங்கினின்று பூச்செடி வளர்க்க விரும்புவோர்க்கு இம்மண் கல்வாழையைத் தருகிறது. டேலியாவைத் தர மறுக்கிறது.

இத்தகைய நகரில்தான் பூம்பாத்திகளைக் கொத்திக் கிழங்கு நடும் காலம் வந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ‘சியோனான்’ எனப் பெயரும் மாறியது. பர்மா, சயாம், இந்தோசீனம் ஆகிய நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த அரிசியை நம்பியே இந்நகர் வாழ்ந்திருந்தது. போர் முற்ற முற்றக் கப்பல்கள் குறைந்தன. பங்கீட்டு அரிசியின் அளவும் சுருங்கியது. வாழைமரம் பொறித்த நோட்டுகள் கட்டுக்கட்டாய்க் கையிலிருந்தும் வாங்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. உணவுப் பயிரை மிகுதியாக விளைவியுங்கள் என்று ஆட்சியாளர் முழங்கினர். வீட்டு முற்றமும் பள்ளித் திடலும் சாலையோரமும் பாத்திகளாயின. ஏட்டைப் பிடித்த சிறுவர் கைகள் சங்குலைப் பிடித்தன.

நடப்பட்டவற்றுள் தலையாயது மரவள்ளி, அடுத்தது சர்க்கரைவள்ளி. மரவள்ளியைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் எண்ணத்தக்கது. டேலியாவை மறுமுறை காண வேண்டுமாயின் கிழங்கைக் காக்கவேண்டும். மரவள்ளியிலோ கிழங்கு முழுவதையும் உண்டுவிட்டுத் தண்டை ஒடித்து நட்டாற் போதும். சர்க்கரைவள்ளியும் கொடித்துண்டினின்றே வளரும். விதைக்கென ஒரு பிடி ஒதுக்கவும் இயலாத குடும்பத்துக்கு இதனினும் ஏற்ற பயிர் உண்டோ? தென்திருவிதாங்கூரினின்று வந்தோர்க்கு இக்கிழங்கு முன்பே பழக்கம். விசாகம் திருநாள் மன்னர் (1880–1885) அங்கே இதனைப் பரப்பியவர்.

எனினும் மரவள்ளி பொறுமையைக் கேட்கும் பயிர். அது விளைய எட்டு மாதங்களுக்கு மேலாகும். கசப்பு வகையை ஊறவைத்து நன்கு வேகவைக்காவிடில் அதிலுள்ள நஞ்சு உயிரையே பறிக்கும். அதன் மாவில் ரொட்டி சுட்டனர், சேமியாவும் பிழிந்தனர். வயிறு நிரம்பியது, உடல் தேறவில்லை. புரதமும் உயிர்ச்சத்தும் குறைந்த அவ்வுணவினால் மக்கள் மெலிந்தனர். பெரிபெரி நோயும் பரவியது. நகரின் வாய்களைக் குறைக்கவென்று 1943இல் சீனர் ஜொகூரின் எண்டாவ் பகுதிக்கும், யுரேசியரும் கத்தோலிக்கச் சீனரும் நெகிரி செம்பிலானின் பஹாவ் பகுதிக்கும் அனுப்பப்பட்டனர். பஹாவில் காடு திருத்தியோரில் பலரை மலேரியா கொண்டுபோயிற்று. பாத்தி வெட்டத் தெரியாத நகரத்தாரைக் காட்டுக்கு அனுப்பி உழவராக்க முனைந்தது கொடுமையே.

1945 செப்டம்பர் 12ஆம் நாள் சரணாகதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அரிசித் தட்டுப்பாடு அத்துடன் நீங்கிவிடவில்லை. சில ஆண்டுகள் தொடர்ந்தது. பின்னர்க் கிழங்குப் பாத்திகள் மெல்ல மறைந்தன. 1967இல் தோட்ட நகரமாக்கும் கொள்கை அறிவிக்கப்பட்டபின் சாலையோரங்களில் நிழல்மரங்களும் பூம்புதர்களும் எழுந்தன.

டேலியாவும் இறுதியில் வந்து சேர்ந்தது. 2012இல் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டத்தின் கண்ணாடி மலர்மாடத்துள், குளிரூட்டிய காற்றில், சீனப் புத்தாண்டையொட்டி அது காட்சிக்கு வைக்கப்பட்டு வருகிறது. அதன் சீனப் பெயரின் முதலிரு அசைகள் ‘பெரும் இலாபம்’ என்னும் சொற்போல் ஒலிப்பதால் அப்பண்டிகைக்கு அது மிகவும் பொருந்துகிறது. மரவள்ளியோ மாடம் எதுவும் கேட்பதில்லை. தேக்கா சந்தையில் மண் ஒட்டியபடியே விற்பனைக்கு இருக்கிறது. போர்க்காலத்தை வாழ்ந்து கடந்த முதியோருட் சிலர் அதனை வாயில் வைப்பதேயில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகள் தேங்காய்ப்பூத் தூவி, இனிப்புப் பலகாரமாக விரும்பி உண்கின்றனர்.