ஒகாவா, செய்ஜி

ஒகாவா, செய்ஜி (பிறப்பு: 19 ஜனவரி 1934, டோக்கியோ): ஜப்பானிய உயிர் இயற்பியலாளர். இரத்தத்தில் ஆக்சிஜனின் அளவு கூடுவதும் குறைவதும் எம்ஆர்ஐ படத்தில் வெளிச்ச வேறுபாடாகத் தெரியும் என்பதை உயிருள்ள மூளையில் முதலில் காட்டியவர். 'போல்ட்' என்ற சுருக்கப் பெயரால் வழங்கும் இந்த விளைவின் மேல்தான் செயல்சார் எம்ஆர்ஐ (எஃப்எம்ஆர்ஐ) முறை நிற்கிறது. ஊசி போடாமலும் கதிரியக்கப் பொருளைச் செலுத்தாமலும், விழித்திருக்கும் ஒருவரின் மூளையில் எந்தப் பகுதி எப்போது கூடுதலாக இயங்குகிறது என்று அறிய இம்முறை உதவுகிறது.

முன்னோடிகள்

மூளையின் உழைப்புக்கும் அதன் இரத்த ஓட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் பழையது. மண்டையோட்டில் காயத்தால் திறப்பு ஏற்பட்டிருந்தவர்கள் மனக்கணக்குப் போடும்போது மூளையின் துடிப்பு மாறுவதை இத்தாலியின் ஆஞ்செலோ மோசோ 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதிவு செய்தார். 1890-இல் ராய், ஷெரிங்டன் ஆகியோர் கேம்பிரிட்ஜிலிருந்து இதே தொடர்பை விலங்குச் சோதனைகளின் வழியே வலியுறுத்தினர்.

இரத்தத்தின் காந்தப் பண்பு தனி வரலாறாக வளர்ந்தது. 1845-இல் மைக்கேல் ஃபாரடே உலர்ந்த இரத்தத்தைக் காந்தத்துக்கு அருகே வைத்துப் பார்த்தார். புதிய, நீர்மமான இரத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்று தம் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார். ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின், 1936-இல், லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் அந்தச் சோதனையைச் செய்தனர். ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினைக் காந்தம் சற்றே விலக்குகிறது, ஆக்சிஜனை இழந்ததை ஈர்க்கிறது என்று கண்டனர். 1982-இல் கீத் துல்பார்னும் அவருடன் பணியாற்றியவர்களும், இரத்தத்தில் உள்ள நீரின் காந்த அதிர்வுச் சமிக்ஞை எவ்வளவு விரைவில் மங்குகிறது என்பதும் ஆக்சிஜன் அளவைப் பொறுத்தே அமைகிறது என்று அளந்து காட்டினர்.

கல்வியும் தொடக்கக் காலமும்

ஒகாவா டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியல் படித்து 1957-இல் பட்டம் பெற்றார். 1967-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் ஆனார். அங்கு ஹார்டன் மெக்கானலுடன் சேர்ந்து அவர் ஆராய்ந்தது ஹீமோகுளோபின் மூலக்கூறு ஆக்சிஜனைப் பற்றும்போது கொள்ளும் வடிவ மாற்றத்தை. மூளை அப்போது அவருடைய ஆய்வுப் பொருள் அன்று.

1968-இல் நியூ ஜெர்சியின் மர்ரி ஹில்லில் உள்ள பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தில் உயிர் இயற்பியலுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். நீண்ட கால அடிப்படை ஆய்வுக்கு இடம்கொடுத்த அந்த ஆய்வகத்தில் ராபர்ட் ஷுல்மன் தலைமையில் வலுவான காந்த அதிர்வுக் குழு ஒன்று இயங்கிவந்தது. ஹீமோகுளோபின் ஆய்வை ஒகாவா அங்கும் தொடர்ந்தார். 1977-இல் உயிருள்ள ஈ. கோலை பாக்டீரியாக்களுக்குள் பாஸ்பரஸ் சேர்மங்களின் சமிக்ஞையை அளந்த கட்டுரையில் அவர் பெயரும் இடம்பெற்றது. செல்லைச் சிதைக்காமல் அதன் உள்வேதியியலை அறியும் இந்தப் பழக்கம் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது.

கருங்கோடுகள் (1988–1990)

ஒகாவாவின் வாழ்க்கையில் மிக விரிவாகப் பதிவான காலம் இது. சோ-மிங் லீ உள்ளிட்டோருடன் அவர் 7 டெஸ்லா, 8.4 டெஸ்லா வலிமையுள்ள காந்தங்களில் மயக்க மருந்து கொடுத்த சுண்டெலிகளையும் எலிகளையும் படமெடுத்தார். அக்கால மருத்துவமனைக் கருவிகள் பெரும்பாலும் 1.5 டெஸ்லாவோ அதற்குக் குறைவோதான். ஒவ்வொரு படப்புள்ளியும் 65 மைக்ரான் சதுரம். வெட்டுத்தளத்தின் தடிப்பு 700 மைக்ரான். 'கிரேடியன்ட் எக்கோ' முறையில் எடுத்த படங்களில் பருமனிலும் நீளத்திலும் வேறுபட்ட கருங்கோடுகள் மூளை முழுவதும் ஓடின. வழக்கமான 'ஸ்பின் எக்கோ' முறையில் எடுத்தபோது அதே மூளையில் ஒரு கோடும் இல்லை.

ஒரு முறையில் தெரிந்து மற்றொன்றில் தெரியாத கோட்டைக் கருவியின் குறை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஒகாவா குழு அதை ஒவ்வொரு படியாகச் சோதித்தது. மூச்சுத் தடைப்பட்டு ஆக்சிஜன் அற்றுப்போன மூளையில் கோடுகள் மிக அழுத்தமாகத் தெரிந்தன. ஹீமோகுளோபின் ஆக்சிஜனையோ கார்பன் மோனாக்சைடையோ பற்றியிருந்த மூளையில் அவை மறைந்தன. கார்பன் மோனாக்சைடு சோதனையின் அழகு தனியே சொல்லத் தக்கது. அந்த வாயுவைப் பற்றிய ஹீமோகுளோபினால் உடலுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. ஆனால் காந்தப் பண்பில் அது ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினையே ஒத்தது. ஆகவே கோடுகளை வரைந்தது திசுவின் மூச்சுத் திணறல் அன்று, ஹீமோகுளோபினின் காந்தத்தன்மையே என்பது தெளிவாயிற்று.

விளக்கம் இது: கோடுகள் இரத்தக் குழாய்கள். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் நிறைந்த சிவப்பணுக்கள் குழாயைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைச் சற்றே கோணச் செய்கின்றன. அந்த இடத்து நீர் மூலக்கூறுகளின் சமிக்ஞைகள் ஒத்திசைவை இழந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. படம் அங்கே கறுக்கிறது. குழாயைவிட அகலமான பகுதியும் பாதிக்கப்படுவதால் மிக நுண்ணிய குழாயும் கண்ணுக்குப் புலப்படுகிறது.

லீ, ஆலன் கே, டேவிட் டேங்க் ஆகியோருடன் ஒகாவா எழுதி, 1990-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை இன்னொரு படி சென்றது. மயக்க மருந்தையும் சுவாசிக்கும் வாயுவையும் மாற்றி, கோடுகள் அடர்வதையும் மங்குவதையும் அது காட்டியது. தூய ஆக்சிஜனுக்குப் பதில் 90% ஆக்சிஜனும் 10% கார்பன் டை ஆக்சைடும் கலந்து கொடுத்தபோது கோடுகள் பெரிதும் மங்கின. கார்பன் டை ஆக்சைடு மூளையின் இரத்த ஓட்டத்தைப் பெருக்குகிறது. புதிய இரத்தம் விரைந்து வருவதால் சிரைகளிலும் ஆக்சிஜன் மிகுகிறது. மூளையின் இயக்கத்தைப் படமெடுக்க இவ்விளைவு உதவக்கூடும் என்று கட்டுரை முடிவில் குறிப்பிட்டது. வெளியிலிருந்து எதையும் செலுத்த வேண்டாம், உடலில் ஓடும் இரத்தமே சாயம் என்ற கருத்து இங்கே முழு உருப் பெற்றது.

இது எவ்வளவு தற்செயல், எவ்வளவு தயாரிப்பு என்று பிரித்துச் சொல்வது கடினம். கோடுகள் எதிர்பாராமல் தோன்றியிருக்கலாம். ஆயினும் ஹீமோகுளோபினோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகிய ஒருவர் முன் அவை தோன்றியதைப் புறக்கணிக்க இயலாது.

மனித மூளையில் (1991–1992)

எலியில் கண்டதை மனிதரில் காண வலிமையான பெரிய காந்தம் தேவைப்பட்டது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் காமில் உகுர்பில் அமைத்திருந்த 4 டெஸ்லா கருவி அதற்கு உதவியது. உகுர்பிலும் முன்னர் பெல் ஆய்வகத்தில் பணியாற்றியவர். ரவி மேனன், சியோங்-கி கிம் முதலியோரும் இப்பணியில் இருந்தனர். தன்னார்வலர்களின் கண்முன் ஒளி காட்டியபோது, பிடரிப் பக்கத்தில் உள்ள பார்வைப் புறணியில் சமிக்ஞை 5 முதல் 20% வரை உயர்ந்தது. சமிக்ஞையைப் பதிவு செய்யுமுன் காத்திருக்கும் 'எக்கோ நேரத்தை' 40 மில்லி விநாடியிலிருந்து 8 ஆகக் குறைத்ததும், ஒத்திசைவு குலைய நேரம் குறைந்ததால், உயர்வின் அளவு சுருங்கியது. எலியில் கண்ட அதே காந்த விளைவுதான் இது என்பதற்கு அது சான்றாயிற்று.

சமிக்ஞை குறையாமல் உயர்ந்தது ஏன்? உழைக்கும் மூளை ஆக்சிஜனைக் கூடுதலாக எரிக்கும், எனவே படம் கறுக்க வேண்டும் என்றே முதலில் தோன்றும். செயின்ட் லூயிஸில் பீட்டர் ஃபாக்ஸும் மார்கஸ் ரெய்க்கிலும் 1986-இல் வெளியிட்ட அளவீடு விடையைத் தருகிறது. தொடு உணர்வைத் தூண்டியபோது இரத்த ஓட்டம் சுமார் 29% உயர, ஆக்சிஜன் நுகர்வு சுமார் 5% மட்டுமே உயர்ந்தது. தேவைக்கு மேல் வந்த ஆக்சிஜன் சிரைகளில் தங்குவதால் படம் வெளுக்கிறது.

முன்னுரிமை பற்றிய கருத்துகள்

1992-இல் பல குழுக்கள் ஒரே நேரத்தில் களத்தில் இருந்தன. பாஸ்டனில் கென்னத் குவாங் குழுவின் கட்டுரை, ஒகாவா குழுவின் கட்டுரை வெளிவந்த அதே ஆய்விதழில் சில வாரங்கள் முன்னதாக அச்சாயிற்று. மில்வாக்கியில் பீட்டர் பாண்டெட்டினியும் துணைவர்களும் விரல் தட்டும்போது இயக்கப் புறணியில் மாற்றத்தைக் கண்டனர். ஷுல்மன் இருந்த யேல் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒரு கட்டுரை வந்தது. அதில் ஒகாவாவும் உகுர்பிலும் இணை ஆசிரியர்கள். பாஸ்டனில் ஜாக் பெலிவோ 1991-லேயே மனித மூளையின் செயல்பாட்டை எம்ஆர்ஐயில் காட்டியிருந்தார். ஆனால் அதற்குச் சாய மருந்தை ஊசி மூலம் செலுத்த வேண்டியிருந்தது. போல்ட் விளைவைக் கண்டறிந்த பெருமை பொதுவாக ஒகாவாவுக்கே தரப்படுகிறது. மனிதரில் முதலில் காட்டியவர் யார் என்ற கேள்விக்கு, பரிசோதனை நாளையோ மாநாட்டு அறிவிப்பையோ அச்சேறிய நாளையோ எதைக் கணக்கில் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

பிந்தைய ஆய்வுகள்

1993-இல் ஒகாவா குழு போல்ட் விளைவுக்கான உயிர் இயற்பியல் மாதிரியை வெளியிட்டது. போல்ட் சமிக்ஞை உச்சத்தை எட்டச் சில விநாடிகள் ஆகும். நரம்புச் செல்களோ மில்லி விநாடிகளில் பேசிக்கொள்கின்றன. இந்த இடைவெளியைக் கடக்க, எலியின் முன்னங்காலில் அடுத்தடுத்து இரு தூண்டல் கொடுத்து, இரண்டாவதன் விளைவை முதலாவது எவ்வாறு மாற்றுகிறது என்று பார்க்கும் உத்தியை 2000-இல் ஒகாவா குழு முன்வைத்தது. 2001-இல் பெல் ஆய்வகத்தை விட்டு ஜப்பான் திரும்பினார். டோக்கியோவில் ஹமானோ அறக்கட்டளையிலும், பின் செண்டாயின் தொஹோக்கு ஃபுகுஷி பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார்.

மதிப்பீடு

போல்ட் எதை அளக்கிறது என்பது இன்னும் முழுமையாகத் தீர்ந்த விவாதம் அன்று. 2001-இல் நிக்கோஸ் லோகோதெடிஸ் குழு குரங்குகளில் மின்பதிவையும் எம்ஆர்ஐயையும் ஒருங்கே எடுத்து, இச்சமிக்ஞை நரம்புச் செல்கள் வெளியே அனுப்பும் துடிப்புகளைவிட அவை பெறும் உள்ளீட்டோடும் உள்ளூர்ச் செயலாக்கத்தோடும் நெருங்கிப் பொருந்துவதாகக் கூறியது. 2016-இல் ஆண்டர்ஸ் எக்லண்டும் துணைவர்களும் பரவலாகப் பயன்படும் புள்ளியியல் மென்பொருள்கள் சில சூழல்களில் பொய்யான முடிவுகளை மிகுதியாகத் தருவதைக் காட்டினர். இவை முடிவுகளைப் படிக்கும் முறை பற்றிய எச்சரிக்கைகள். ஒகாவா கண்ட இயற்பியல் விளைவை அவை அசைக்கவில்லை.

மூளைக் கட்டியை அகற்றுமுன் பேச்சு, கை அசைவு ஆகியவற்றுக்கான பகுதிகள் எங்கே உள்ளன என்று அறுவை மருத்துவர்கள் அறிய இம்முறை உதவுகிறது. ஓய்வில் இருக்கும் மூளையின் வெவ்வேறு பகுதிகள் ஒத்திசைந்து ஏறி இறங்குவதை பரத் பிஸ்வால் 1995-இல் கண்டதும் இதன் வழியேதான். 2003-ஆம் ஆண்டு மருத்துவ நொபெல் பரிசு எம்ஆர்ஐயை உருவாக்கியதற்காக லாட்டர்பருக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும் வழங்கப்பட்டது. அதே ஆண்டு கனடாவின் கெயர்ட்னர் விருது ஒகாவாவுக்குக் கிடைத்தது. அமெரிக்க இயற்பியல் கழகத்தின் உயிர் இயற்பியல் பரிசை 1996-இலேயே பெற்றிருந்தார்.