43 விழுக்காடு எதை அளக்கிறது? அமெரிக்கச் சிறைக் கல்வியும் விடுதலைக்குப் பிந்தைய ஆதரவும்

அமெரிக்கச் சிறைகளில் பல்கலைக்கழகக் கல்விக்காக வாதிடுவோர் பெரிதும் சார்ந்திருப்பது, கல்வி பெற்றோர் மீண்டும் சிறைக்குத் திரும்புவது குறித்து ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு தந்த, 43 விழுக்காட்டுக் குறைவு என்னும் எண்ணையே. வறிய மாணவருக்கு நடுவண் அரசு வழங்கும் பெல் உதவித்தொகையை 1994ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம் சிறையாளர்களுக்கு மறுத்தது. அவ்வுதவித்தொகை 2023 ஜூலையில் மீண்டும் பரவலாகத் திறக்கப்பட்ட பின்னரும், பட்டப்படிப்பு மனிதரைத் திருத்துகிறது என்பதற்கு அவ்வெண்ணே சான்றாக நிறுத்தப்படுகிறது. அத்தொகுப்பாய்வு இந்த வாசிப்பைத் தாங்குவதாகத் தோன்றவில்லை.

முதலாவதாக, 43 விழுக்காடு குறைந்தது சிறைக்குத் திரும்புவோரின் எண்ணிக்கை அன்று. திரும்புவோரைத் திரும்பாதோரால் வகுத்துப் பெறும் விகிதம். அவ்வாய்வின் செலவுக் கணக்கில் உள்ள மூன்றாண்டு அளவுகளின்படி, கல்வி பெறாதோரில் 43.3 விழுக்காட்டினரும் பெற்றோரில் 30.4 விழுக்காட்டினரும் மீண்டும் சிறைப்படுகின்றனர், விகிதம் 0.76இலிருந்து 0.44ஆகச் சரிவதே அந்த 43 விழுக்காடு, நேரடி வேறுபாடோ ஏறத்தாழ 13 புள்ளிகள். இது சிறிய விளைவு அன்று. ஊதிக் காட்டவும் தேவையில்லை. மேலும், எழுத்தறிவு வகுப்பு, பள்ளியிறுதிக்கு இணையான தேர்வு, தொழிற்பயிற்சி, கல்லூரிப் பாடம் ஆகிய எல்லாம் சேர்ந்த சராசரியைப் பட்டப்படிப்பின் கணக்கில் மட்டும் வரவு வைப்பது முறையாகாது.

இதனினும் அடிப்படையான சிக்கல், தொகுக்கப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை மீண்டும் சிறைப்படுவதையே அளவுகோலாகக் கொண்டதில் உள்ளது. மேற்பார்வையுடன் கூடிய நிபந்தனை விடுதலையில் இருப்பவர் புதுக் குற்றம் எதுவும் செய்யாமலே, மேற்பார்வை அலுவலரைச் சந்திக்கத் தவறியதற்காகவோ, அனுமதியின்றி வீடு மாறியதற்காகவோ உள்ளே அனுப்பப்படக்கூடும். ஆகவே, தங்க இடமும் அலுவலரிடம் போய்வரப் பேருந்துக் கட்டணமும் இருக்கின்றனவா இல்லையா என்பதும் அந்த எண்ணுக்குள் அடங்கியே இருக்கிறது. வேலைவாய்ப்பில் அதே ஆய்வு கண்ட முன்னேற்றம் சிறியது, சான்றும் மெலிது. எனவே ‘பட்டம், வேலை, நேர்வாழ்வு’ என்ற எளிய சங்கிலியும் உறுதிப்படவில்லை. கல்வியின் பயனில் ஒரு பகுதியேனும், வெளியே ஒருவருக்காகப் பரிந்துபேசும் ஆசிரியர்கள், உடன் படித்தோர் ஆகியோரின் தொடர்பு வழியே வருகிறது எனக் கருத இடமுண்டு.

ஏற்கெனவே ஆர்வமுள்ளோரே படிக்க வருகின்றனர் என்ற மறுப்பு பழையது. தரம் மிகுந்த ஒப்பீடுகளை மட்டும் கொண்டே அந்த 43 கணக்கிடப்பட்டது என்பதால், அதனை இங்கு நீட்ட வேண்டியதில்லை.

வியப்பு என்னவெனில், அமெரிக்கக் கல்வித்துறை பெல் உதவித்தொகைக்காக 2022 அக்டோபரில் வெளியிட்ட விதிகள், மீண்டும் சிறைப்படும் அளவையும் மாணவருக்குக் கிடைக்கும் ஆதரவையும் ஆய்வாளர்களைவிடத் தெளிவாகப் பிரித்துள்ளன. ஒரு திட்டம் மாணவருக்கு நலம் பயக்கிறதா என மதிப்பிடுகையில், மீண்டும் சிறைப்படும் அளவைக் கருதுவது சிறைத்துறையின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. படிப்பு வழிகாட்டல் கிடைக்கிறதா, விடுதலையான மாணவர் அதே கல்வி நிறுவனத்தின் வேறு வளாகத்தில் படிப்பைத் தொடர முடிகிறதா என்பவற்றைக் கருதுவதோ கட்டாயம்.